பெரம்பலூரும் அரியலூரும் முதலிடம் பிடிப்பது எப்படி?

‘வானம் பார்த்த பூமி, பெரிய பள்ளிகளும் இல்லை, பெரம்பலூரும் அரியலூரும் பொதுத்தேர்வில் எப்படி முதலிடம் வருகின்றன? அரசுப் பள்ளிகள் நிஜமாகவே அவ்வளவு நல்லா இருக்கா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

எண்கள் உண்மைதான். 2022 +2 தேர்வில் பெரம்பலூர் 97.95% எடுத்து முதலிடம். மறு வருடம் பத்தாம் வகுப்பில் 97.67%, அதிலும் முதலிடம். 2024 பத்தாம் வகுப்பிலும் 2025 +2-விலும் அரியலூர். (தனியார் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு இது.)

முதல் காரணம், பெரம்பலூர் மாவட்டம் சின்னது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஐந்தே முக்கால் லட்சம்கூட இல்லை, ஒன்றியங்கள் நாலுதான். மதியச் சாப்பாட்டுக்குள் அதிகாரி எந்தப் பள்ளிக்கும் வந்து நின்றுவிடலாம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் யார் யார் தேறமாட்டார்கள் என்று பெயரோடு பட்டியல் தயாராகிவிடும். 2017-ல் மாணவர்களின் மாநில ரேங்க்கை நிறுத்திவிட்டார்கள், மாவட்டங்களை வரிசைப்படுத்துவது மட்டும் நிற்கவில்லை. எனவே ரேங்க் பயம் இப்போது பிள்ளைகளுக்கு இல்லை, எங்களுக்குத்தான்.

பட்டியலில் இருப்பவர்களை ‘மெல்லக் கற்போர்’ என்போம். மாலை வகுப்பு முழுக்க அவர்களுக்குத்தான். கணக்கில் ஒரு மதிப்பெண் வினா 14. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. ஆக 30. இதோடு ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு சேர்ந்தால் 35, பையன் பாஸ். தொடுகோடு வரைவதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவான். ஏன் அப்படி வரைகிறோம் என்று கேட்டால் முழிப்பான். அறிவியலில் இன்னும் சுலபம்: செய்முறைக்கு 25 தனியாக இருப்பதால் எழுத்துத் தேர்வில் 20 எடுத்தாலே கரை சேரலாம்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தை, மாசியில் பருத்தி எடுக்கும் சமயம் பார்த்துத்தான் பிள்ளைகள் காணாமல் போவார்கள். போன் போட்டால் ‘ஒரே வாரம் சார், கூலிக்கு ஆள் கிடைக்கல’ என்பார் அம்மா. வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்கே போய்க் கூட்டி வருகிற ஆசிரியர்கள் இங்கே உண்டு. அப்படிக் கூட்டி வந்த பெண் 40 மார்க் எடுத்துப் பதினொன்றாம் வகுப்புக்குப் போனாலே கல்யாணப் பேச்சு இரண்டு வருடம் தள்ளிப்போகும்.

என் குறை வேறு. இந்த ஓட்டத்தில் 70 எடுக்கிற பிள்ளையை 95-க்குக் கொண்டுபோக யாருக்கும் நேரமில்லை. தரேஸ் அஹமது இங்கே ஆட்சியராக இருந்தபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவர்களைப் பொறுக்கி ‘சூப்பர் 30’ என்று தனிப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த மாதிரி முயற்சி எல்லாப் பிள்ளைக்கும் எட்டாது.

இன்னொன்று, தேர்ச்சி விழுக்காடு பரீட்சை எழுதியவர்களை வைத்துப் போடுவது. 2023-ல் +2 தமிழ்த் தாளுக்கு மட்டும் மாநிலம் முழுக்கச் சுமார் 50,000 பேர் வரவில்லை. அவர்கள் எந்த மாவட்டத்தின் விழுக்காட்டையும் குறைக்கவில்லை.

பிள்ளையைச் சேர்ப்பதற்காகக் கேட்கிறீர்கள் என்றால், பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள். கணக்கில் 80-க்கு மேல் எத்தனை பேர்? ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள்? தலைமையாசிரியர் தயங்காமல் பதிவேட்டை எடுத்துக் காட்டினால் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.