பிக்கப் வண்டியில் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் சொன்னது இது: பழைய டீசல் பிக்கப். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’, அதோடு சரி. புது பேட்டரி போட்டதும் இரண்டு நாள் ஒழுங்காக எடுத்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். பேட்டரி மைனஸை எஞ்சினோடும் சேசிஸோடும் இணைக்கும் எர்த் ஒயரைச் சோதித்துப் பார்க்காமல் செல்ஃப் மோட்டாருக்குப் பணம் கொடுப்பது வீண். மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது அங்குள்ள போல்ட்டுகள் எல்லாம் ஒரு முறை இறுகும், வண்டியும் எடுத்துவிடும். நோய் தீர்ந்தது என்று நினைப்பீர்கள், சில வாரத்தில் மறுபடியும் ‘டக்’. புது பேட்டரி போட்டபோது நடந்ததும் இதுவாகவே இருக்கலாம். டெர்மினலைச் சுரண்டி இறுக்கியதில் இரண்டு நாள் பிழைத்திருக்கும்.

ஹெட்லைட்டை நம்பாதீர்கள். ஒரு 55 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியருக்குக் கீழே. டீசல் எஞ்சினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் சாதாரணமாக 200 ஆம்பியரைத் தாண்டும். துருப்பிடித்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல்புக்கு 0.05 வோல்ட்தான் இழப்பு, கண்ணுக்கே தெரியாது. 200 ஆம்பியருக்கோ 2 வோல்ட் அங்கேயே போய்விடும். தடை இன்னும் கொஞ்சம் ஏறினால் மோட்டார் திரும்பாது, அதன் மேலிருக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டை இழுக்க மட்டும் மின்சாரம் போதும். நீங்கள் கேட்கும் ‘டக்’ அதுதான். ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கும்.

இனி சோதனை. மலிவான மல்டிமீட்டர் ஒன்று போதும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சாவியைத் திருப்ப ஒருவர் வேண்டும். வண்டிக்கு முன்னாலும் அடியிலும் யாரும் இருக்கக் கூடாது.

முதலில் வண்டி ஓய்வில் இருக்கும்போது பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி. 12.0க்கு அருகில் இருந்தால் பெரும்பகுதி காலி. அப்படியானால் சார்ஜ் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. நம் மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வது அதைத்தான். சார்ஜ் ஏறாத வண்டியில் புது பேட்டரியும் இரண்டு நாளில் படுக்கும் என்பதால், இந்த இரண்டு அளவையும் எடுக்காமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள்.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது முக்கியமான சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் அல்ல. மறு முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது. அதே போல பிளஸ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை அளங்கள், வரம்பு அதேதான். இரண்டு பக்கமும் இழப்பு இல்லை, மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே முழு வோல்ட் வருகிறது, சத்தமும் கேட்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

மீட்டர் இல்லையா? தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் உடம்பில் கவ்வ வைத்துச் சாவியைத் திருப்புங்கள். சட்டென்று சுற்றினால் குற்றவாளி எர்த் ஒயர்தான்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டிகளைப் பராமரிப்பவன் நான். லோடிலிருந்து ஒழுகும் தண்ணீர் சேசிஸில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில்தான் தேங்குகிறது. மீன் வண்டிகளில் உப்புத் தண்ணீர் வேறு. ஒயர் வெளியில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஒயர் முனையில் போல்ட் மாட்டும் உலோக வளையம்தான் லக். அதன் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிரும், மிஞ்சிய சில இழைகள்தான் மொத்தப் பாரத்தையும் சுமந்துகொண்டிருக்கும். ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள பழைய வண்டிகளில் இன்னொரு அடையாளம் உண்டு: சில முறை சாவியைத் திருப்பிய பிறகு அந்தக் கேபிள் சுடும். எர்த் வழி அடைபட்டதும் மின்சாரம் கேபிள் வழியாகத் திரும்புகிறது என்று பொருள்.

ஒயரை மாற்ற சில நூறு ரூபாய் ஆகும். வெல்டிங் கேபிளில் லக் அழுத்திக் கொடுக்கும் கடையில் 35 சதுர மில்லிமீட்டர் அளவில் கேளுங்கள். பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் கிரீஸை அப்பிவைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

இதே தலைப்பைத் தேடி வருகிற சிலருக்கு எஞ்சின் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. அவர்கள் பேட்டரிப் பக்கமே போக வேண்டாம், சைலன்ஸரைப் பாருங்கள். சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக்கையும் கம்ப்ரஷனையும் சந்தேகிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. டேங்க், ஃபில்டர், ஏர் லாக் (டீசல் பைப்பில் காற்று அடைப்பது) என்று வரிசையாகப் பாருங்கள். பழைய பம்ப் வண்டிகளில் சாவி போட்டதும் டீசலைத் திறந்துவிடும் ஸ்டாப் சொலினாய்டு சொடுக்குகிறதா என்றும் கேளுங்கள். டீசலை மிக அதிக அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்பும் காமன் ரெயில் வண்டியில் மட்டும் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்க முயலாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

உங்கள் வண்டிக்குத் திரும்புகிறேன். சோதனை முடிவில் மோட்டார்தான் பழுது என்று தெரிந்தாலும் முழு மோட்டாரை வாங்க அவசரப்படாதீர்கள். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மோட்டார் உடம்பில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் சுற்றுகிறதா? அப்படியானால் தேய்ந்திருப்பது பெரும்பாலும் கார்பன் பிரஷ், இல்லையென்றால் சொலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கழற்றிக் கொடுத்து பிரஷ், புஷ், தொடுமுனை மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும் புது மோட்டாருக்கு விலை கேளுங்கள்.