சர்வேயில வெடிப்பு எண்டு வந்தால் பெயின்ற் வாளியைத் தூக்காதேங்கோ

தம்பி, வேலை மாறி பர்மிங்ஹாம் போறதுக்காக கிழக்கு லண்டன் வீட்டை விக்கிறீங்கள். வாங்க வந்தவர் எடுத்த லெவல் 2 சர்வேயில (வீட்டின்ர நிலைமையை ஒரு சர்வேயர் வந்து பாத்து எழுதிற நடுத்தர றிப்போர்ட்) ரெண்டு இடத்தில சிவப்பில 3 போட்டிருக்கு: முன்னுக்குத் தள்ளி நிக்கிற பே ஜன்னலுக்குப் பக்கத்தில வெடிப்பு, மற்றது கீழ்த்தட்டில சிம்னியை உடைச்ச இடத்தில மேல நிக்கிற பகுதிக்குத் தாங்கல் இல்லை. அவர் 25,000 பவுண்ஸ் குறைக்கச் சொல்றார். உங்கட கூட்டாளி ஒருத்தர், பூசிப் பெயின்ற் அடிச்சிட்டு வேற ஆளுக்குக் காட்டச் சொன்னாராம். அதோட பர்மிங்ஹாமில பள்ளிக்கூடம் எது நல்லம், சாமான் ஏத்த ஆரைப் பிடிக்கிறது எண்டும் கேட்டிருக்கிறீங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒஃப்ஸ்டெட் (பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற அரச அமைப்பு) றிப்போர்ட் இருக்கு, பாருங்கோ. லொறி ஆரைப் பிடிச்சாலும் ஒண்டுதான். எனக்கு அந்தக் கூட்டாளி சொன்ன புத்தியைப் பற்றித்தான் கதைக்க வேணும்.

அதைச் செய்ய வேண்டாம். பழைய வீட்டில ஒரு மூலையில மட்டும் புதுப் பூச்சு இருந்தால் சர்வேயரின்ர கண் முதல் போறதே அங்கதான். இந்த ஆள் ஓடினாலும் வெடிப்பு ஓடாது. அடுத்தவரின்ர சர்வேயரும் அதைத்தான் எழுதப்போறார். உங்கட எஸ்டேட் ஏஜென்டுக்கும் இப்ப விசயம் தெரியும். தெரிஞ்ச பாரிய பிழையை அடுத்து வாறவருக்கு மறைக்கச் சட்டம் அவரை விடாது. விக்கிறவர் வீட்டைப் பற்றி நிரப்பிற டிஏ6 படிவத்தில வீட்டில செய்த மாற்றங்கள், அதுக்கு எடுத்த அனுமதிகள், காப்புறுதியில கேட்ட நட்டஈடு எல்லாம் கேக்கினம். வாங்கிறவர்தான் பாத்து வாங்க வேணும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால் வீடு வித்து முடிஞ்ச பிறகும் 1967ஆம் ஆண்டின் மிஸ்ரெப்ரசென்டேஷன் (பொய்த் தகவல் குடுத்து ஒப்பந்தம் செய்யிறது) சட்டத்தில உங்களுக்கு மேல வழக்குப் போடலாம்.

சிவப்பு எண்டால் வீடு விழப்போகுது எண்டு அர்த்தமில்லை. பாரமான பிழை, கெதியாத் திருத்த வேணும் அல்லது இன்னும் ஆராய வேணும், அவ்வளவுதான். லெவல் 2 எடுக்கிற சர்வேயர் தரையைக் கிளப்பிப் பாக்கிறதில்லை, பூச்சை உடைச்சுப் பாக்கிறதில்லை. தனக்குத் தெரியாததுக்குப் பொறுப்பெடுக்க மாட்டார். அதனால எஞ்சினியரைக் கூப்பிடு எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவார். அந்த சர்வே றிப்போர்ட் வீடு வாங்கிறவரின்ர சொத்து, தந்தே ஆக வேணும் எண்டு கேக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் விலை குறைக்கச் சொல்றவர் அந்தப் பக்கங்களைத் தராமல் இருக்க மாட்டார். ஏஜென்ட் மூலம் கேட்டு எடுங்கோ. (ஸ்கொட்லாந்தில 2008 டிசம்பரில இருந்து விக்கிறவர்தான் ஹோம் றிப்போர்ட் (சர்வேயும் சேந்த றிப்போர்ட்) எடுத்துக் குடுக்க வேணும். இங்கையும் அப்பிடி இருந்தால் எவ்வளவு நல்லம் எண்டு எனக்குக் கன நாளா நினைப்பு.)

அடுத்தது ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரை (கட்டடத்தின்ர பாரம், பலம் பாக்கிறவர்) கூப்பிடுங்கோ. பில்டர் இல்லை, இலவசமா வந்து ஈரம் பாக்கிற கொம்பனி இல்லை. அவையள் வேலை விக்க வாறவை. எஞ்சினியருக்கு விக்க ஒண்டுமில்லை, சில நூறு பவுண்ஸ் கூலியோட போயிடுவார். சார்ட்டர்ட் (தொழில் அமைப்பு தகுதி குடுத்த) எஞ்சினியரோ எண்டு விசாரியுங்கோ. முடிஞ்சால் வாங்கிறவரிட்டையும் சொல்லி, ரெண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஆளாப் பாத்து, றிப்போர்ட்டை அவரின்ர பேருக்கும் எழுதச் சொல்லுங்கோ. அப்பதான் அவரும் அவரின்ர மோட்கேஜ் குடுக்கிற இடமும் அதை நம்புவினம்.

பே ஜன்னல் வெடிப்பு கன காரணத்தால வரும். லண்டனுக்குக் கீழ களிமண். மழையில்லாத கோடையில சுருங்கும், மாரியில ஊதும். 1976, 2018, 2022 மாதிரிக் காய்ஞ்ச கோடைகளுக்குப் பிறகு இந்தப் பிரச்சினை கூடித்தான் வந்தது. பக்கத்தில ஓக், வில்லோ மாதிரி மரம் நிண்டால் இன்னும் மோசம். நிலத்துக்குக் கீழ கழிவுக் குழாய் ஒழுகி அத்திவாரத்தடி மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருக்கலாம். பழைய மரச் சட்டம் மேல்மாடிப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிண்டிருக்க, அதைக் கழட்டிப்போட்டு முட்டுக் குடுக்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் வைச்சதாலயும் இருக்கலாம். 5 மில்லிமீற்றருக்குள்ள இருக்கிற வெடிப்பைப் பொதுவாச் சின்னச் சேதம் எண்டுதான் கணக்கெடுப்பினம். சரிவாப் போய், மேல அகலமா, உள்ளயும் வெளியிலயும் ஒரே இடத்தில தெரிஞ்சால் நிலம் இறங்கிறதோ எண்டு யோசிக்க வேணும். அப்பிடியெண்டால் ஒண்டையும் தொட முதல் காப்புறுதிக்கு அறிவியுங்கோ. நிலம் இறங்கினதுக்குக் கேக்கிற நட்டஈட்டில முதலாவது 1,000 பவுண்ஸ் பெரும்பாலும் உங்கட கையாலதான். வெடிப்பில அளவுகோல் ஒட்டி, அது அசையுதோ எண்டு மாதக்கணக்காப் பாத்துக்கொண்டிருப்பினம், பொறுமை வேணும். கன வருசத்துக்கு முதல் அசைஞ்சு இப்ப ஓய்ஞ்சுபோன வெடிப்பு எண்டு எஞ்சினியர் எழுதித் தந்தால் உங்கட பிரச்சினையில பாதி அதோட சரி.

சிம்னிதான் எனக்குக் கோவம் வாற இடம். நான் தொண்ணூறுகளில வந்து இறங்கினது ஒரு மாரியில, ஈஸ்ட் ஹாம் வரிசை வீடு ஒண்டில மேல் அறைக்கு. வீட்டுக்காரர் எங்கட ஆள்தான். இன்னும் ஒரு கட்டில் போட இடம் எடுக்கிறதுக்காகக் கீழ சிம்னியை உடைச்சுப்போட்டார். மேல என்ர கட்டிலுக்குப் பக்கத்தில அந்தச் செங்கல் அவ்வளவும் ஒரு பலகைத் தரையில நிண்டது. ராவில போர்வையில பூச்சுத் தூள் கொட்டும். சொன்னால், இருக்க இடம் தந்ததே பெரிசு எண்டுவார். பேந்து அதில வோல்பேப்பர் ஒட்டினார். அவர் விக்க வெளிக்கிட்ட நேரம் வாங்க வந்தவை சர்வேக்குப் பிறகு ஒவ்வொருத்தராப் போட்டினம்.

அந்த நாளில நான் சனி ஞாயிறில ஒரு ஐரிஷ்காரரோட கட்டட வேலைக்குப் போனனான். எந்தச் சுவரைத் தொட முதலும் அவர் கேக்கிறது, பாரம் எங்க இறங்குது எண்டு. நான் இந்த நாட்டில படிச்ச முதல் பாடம் அது. இண்டைக்கு லெவல் 2ஐ விட விரிவான லெவல் 3 றிப்போர்ட்டை முதல் பக்கத்தில இருந்து கடைசி மட்டும் வாசிச்சு விளங்கிற ஆள் நான். ஆனால் முப்பது வருசம் இருந்தும், வங்கி எடுக்கிற மதிப்பீட்டைத் தங்கட சர்வே எண்டு நினைக்கிறவை எங்களுக்குள்ள கனபேர். தெரிஞ்ச ஆள், கைக்காசு, கடதாசி இல்லை, கவுன்சிலுக்கு ஏன் சொல்லுவான் எண்டு சுவர் உடைப்பினம். அந்தக் கடனை உங்களை மாதிரிப் பேந்து வாங்கிற பிள்ளையள் கட்டுதுகள்.

உங்கட சிம்னியை அனுமதியில்லாமல் உடைச்சிருந்தால், சொலிசிற்றர் (வீட்டு விற்பனையைப் பாக்கிற வக்கீல்) உங்களுக்கு இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லலாம். அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வாற செலவுக்கு, செங்கல்லைத் தாங்கிறதுக்கில்லை. முதலே கவுன்சிலோட கதைச்சிருந்தால் அதுவும் கிடையாது, அதால சொலிசிற்றரிட்டக் கேக்காமல் கவுன்சிலுக்குப் போன் எடுக்காதேங்கோ. என்ர அபிப்பிராயம், திருத்துங்கோ. எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தர, இரும்பு பீம் போட்டு, பில்டிங் கொன்ட்ரோல் (வேலை கட்டட விதிப்படி நடந்ததோ எண்டு பாக்கிற ஆக்கள்) வந்து பாத்து சான்றிதழ் தரட்டும். 1985 நவம்பர் 11க்குப் பிறகு உடைச்சதெண்டால் பழைய வேலைக்கே றெகுலரைசேஷன் சான்றிதழுக்கு (அனுமதியில்லாமல் செய்த வேலையைப் பேந்து பாத்துத் தாறது) விண்ணப்பிக்கலாம். பக்கத்து வீட்டோட பொதுச் சுவரெண்டால் 1996 பார்ட்டி வோல் சட்டப்படி அவைக்கு நோட்டீஸ் குடுக்க வேணும்.

பிறகு 25,000ஐ எடுங்கோ. எதால வந்த தொகை எண்டு கேளுங்கோ, எழுத்தில விலைக்கணக்கு கேளுங்கோ. எஞ்சினியர் சொன்ன வேலைக்கு நீங்களும் ரெண்டு பில்டரிட்ட விலை எடுத்து, அந்தத் தொகையில கதையுங்கோ. ஒரு தரம் குறையுங்கோ, கையெழுத்து வைச்ச ஒப்பந்தங்களை மாத்திற (எக்ஸ்சேஞ்ச்) திகதியையும் அதோட சேத்துக் கேளுங்கோ. எக்ஸ்சேஞ்ச் ஆகும் மட்டும் ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டதில்லை, அதால திகதி இல்லாமல் குறைச்சால் திரும்பவும் வந்து கேப்பினம்.

நாங்கள் ஹரோவில வாங்கின வீட்டிலயும் பின்கதவுக்கு மேல வெடிப்பு இருந்தது. வித்த வெள்ளைக்கார அம்மா ஒரு கோப்பைத் தூக்கித் தந்தா: எஞ்சினியரின்ர கடிதம், வெடிப்பை அளந்த குறிப்பு, குழாய் மாத்தின பில். ஒரு பவுண்ஸ் குறைக்க மாட்டன் எண்டா, நாங்களும் கேட்ட விலைக்கே வாங்கினம். போன வருசம் அதை விக்கேக்க சர்வேயர் அதே இடத்தில சிவப்புப் போட்டார். அந்தக் கோப்பை ஏஜென்டிட்டக் குடுத்தன், வாங்கினவர் அதைப் பற்றிப் பேந்து ஒரு கேள்வி கேக்கேல்லை. நீங்கள் வாங்கேக்க உங்கட சொலிசிற்றருக்கு வந்த கடதாசியளை இண்டைக்கே கேட்டு எடுங்கோ. சிம்னியை ஆர், எப்ப உடைச்சது எண்டு அதில முதல் தேடுங்கோ.