எஞ்சின் வந்தும் வீட்டா ஏன் எழவில்லை?

அண்ணா, வணக்கம்.

சோனியின் கையடக்க கேம் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். விற்பனையில் படுத்துவிட்ட அந்தக் கருவிக்கு யூனிட்டி, கேம்மேக்கர் போன்ற எளிய எஞ்சின்கள் (கேம் செய்ய உதவும் மென்பொருள்கள்) வந்தபோது, இனி அது பிழைத்துக்கொள்ளும் என்று பலர் நம்பியிருப்பார்கள் இல்லையா? கேம் செய்வது சுலபமானால் கேம்கள் பெருகும், கேம்கள் பெருகினால் கன்சோல் விற்கும். இந்தக் கணக்கு எங்கே தப்பியது? கல்லூரி முடித்துவிட்டு நான் யூனிட்டியில் ஒரு 2டி கேம் செய்துகொண்டிருக்கிறேன். கையடக்கக் கருவிக்குத்தான் அது பொருந்தும். எதை நம்பி இறங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணக்கில் முதல் பாதி நடந்தது. கேம்கள் பெருகின. நடக்காமல் போனது இரண்டாம் பாதிதான், அதற்குக் காரணம் அந்த எஞ்சின்களின் குணத்திலேயே இருக்கிறது என்பது என் கட்சி.

வீட்டா 2011 டிசம்பரில் ஜப்பானிலும் 2012 பிப்ரவரியில் அமெரிக்கா, ஐரோப்பாவிலும் வந்தது. ஐந்து அங்குல ஓஎல்இடி திரை, இரண்டு அனலாக் ஸ்டிக், முதுகுப்பக்கம் ஒரு டச்பேட். அமெரிக்காவில் 250 டாலர். அதே விலைக்கு 2011 தொடக்கத்தில் இறங்கிய போட்டிக் கையடக்கக் கருவியான நிண்டெண்டோ 3டிஎஸ் விற்காமல் திணறி, ஆகஸ்டிலேயே 170 டாலருக்கு வந்துவிட்டது. அந்த விலையோடும் எல்லார் பையிலும் இருந்த போனோடும் வீட்டா போட்டியிட வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்கள் சீக்கிரமே கழன்றுகொண்டன. சோனி சிறிய டெவலப்பர்கள் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியது அப்போதுதான். 2013 மார்ச்சில் யூனிட்டியோடு ஒப்பந்தம், பிறகு கேம்மேக்கர் ஆதரவு. அது நல்ல முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்பெலங்கி, ஹாட்லைன் மயாமி, குவாகமெலி போன்ற சின்ன கேம்கள் எல்லாம் 2013இல் வீட்டாவில் கிடைத்தன. இவை எல்லாமே பொது எஞ்சினால் வந்தவை என்று சொல்லவில்லை (குவாகமெலி, அதைச் செய்த டிரிங்க்பாக்ஸ் நிறுவனத்தின் சொந்த எஞ்சினில் வந்தது), ஆனால் இந்தக் கருவிக்குச் சின்ன கேம் ஒத்துவரும் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

சரி, பிறகு என்ன சிக்கல்? யூனிட்டியில் எந்தக் கருவிக்கு என்பதை மாற்றி பில்டு (ஓடத் தயாரான கேம் கோப்பு) எடுக்க முடிகிறது என்றால், வீட்டாவுக்கு எடுப்பவர் பிசிக்கும் எடுப்பார், போனுக்கும் எடுப்பார், சோனியின் வீட்டுக் கன்சோலான பிஎஸ்4க்கும் எடுப்பார். முன்பெல்லாம் ஒரு கருவிக்கு எழுதிய கேமை வேறொன்றுக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய மறுபடி எழுதுவது மாதிரி, அதனால் பல கேம்கள் பிறந்த இடத்திலேயே தங்கின, அதை ஆட ஆசைப்பட்டவன் அந்தக் கருவியை வாங்கித்தான் ஆக வேண்டும். எளிய எஞ்சின் அந்தச் சுவரை இடித்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் சுவர் இடிந்ததில் கையில் ஆளில்லாத கன்சோலுக்குத்தான் நஷ்டம் அதிகம்: கேம் வந்துவிட்டது, அந்தக் கேமுக்காக இந்தக் கருவியை வாங்க வேண்டிய காரணம் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நாலைந்து கருவிகளுக்குச் சேர்த்து ஒரு கேம் செய்கிறவர், ஒரே ஒரு கருவியில் மட்டும் இருக்கும் முதுகு டச்பேடுக்கு எதற்கு மெனக்கெடப் போகிறார்? மீடியா மாலிக்யூல் நிறுவனம் 2013இல் வீட்டாவுக்கென்றே செய்த டேரவே கேமில், பின்பக்கத்தை விரலால் அழுத்தினால் காகித உலகத்தின் தரையைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய விரல் உள்ளே எட்டிப்பார்க்கும். கருவியைக் கையில் பிடித்திருப்பவருக்குத் தன் விரலே உள்ளே போய்விட்ட மாதிரி இருக்கும். அந்தக் கருவிக்கென்றே யோசித்தால்தான் அது வரும். பொது எஞ்சினில் பல இடத்துக்குமாகச் செய்யப்பட்ட கேம்களில் அந்த டச்பேட் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது.

மெமரி கார்டு கதையையும் சொல்லியாக வேண்டும், எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. இப்படி வந்த சிறிய கேம்கள் பெரும்பாலும் டவுன்லோடு மட்டும்தான். முதல் மாடல் வீட்டாவிலோ கேம் இறக்கிவைக்க உள்ளே இடமே கிடையாது, சோனியின் பிரத்யேகக் கார்டுதான் போட வேண்டும், 32 ஜிபி கார்டு தொடக்கத்தில் அமெரிக்காவில் 100 டாலர். பத்து டாலர் கேமைச் சேர்த்துவைக்க நூறு டாலர் கார்டு! எஞ்சின் திறந்த கதவை இந்தக் கார்டு பாதி மூடியது. 2013 ஆகஸ்டில் கருவி விலையை 200 டாலராகக் குறைத்து கார்டு விலையையும் இறக்கினார்கள், அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

ஜப்பானில் வீட்டாவைத் தூக்கிவிட்டவற்றில் முக்கியமானது மைன்கிராஃப்ட். அங்கே பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. யூனிட்டியோ கேம்மேக்கரோ அதைக் கொண்டுவரவில்லை, 4ஜே ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் தனியாக உட்கார்ந்து எழுதியது. பிள்ளைகள் ஏற்கெனவே ஆசைப்பட்டுக்கொண்டிருந்த கேம் அது. ஆளை இழுப்பது அந்த மாதிரி ஒன்றுதான். நிண்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் 2017 மார்ச்சில் அப்படித்தான் நடந்தது. யூனிட்டி, அன்ரியல் இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே ஆதரவு இருந்தது, ஆனால் கூட்டம் வந்தது நிண்டெண்டோவின் சொந்த கேமான செல்டாவுக்கு. கூட்டம் வந்த பிறகு, 2018இல் யூனிட்டியில் செய்த ஹாலோ நைட் வந்தபோது வாங்க ஆள் இருந்தார்கள்.

அதனால் எஞ்சினால் வீட்டாவுக்குப் பயனே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019 மார்ச்சில் ஜப்பானில் உற்பத்தி நிற்கும் வரைக்கும், அதற்குப் பிறகும்கூட, ஏற்கெனவே காசு போட்டு வாங்கியவர்களுக்கு ஆடப் புதிய கேம்கள் வந்துகொண்டேதான் இருந்தன. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட ஒரு கருவிக்கு அது பெரிய விஷயம்.

உங்கள் கேமுக்கு வருகிறேன். முதலில் பிசிக்குச் செய்யுங்கள். 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க பிசியில், விண்டோஸ் பில்டே புரோட்டான் வழியாக (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள் அது) பெரும்பாலும் ஓடிவிடுகிறது, கையடக்கமாக எப்படி இருக்கிறது என்பது உடனே தெரியும். ஸ்விட்ச்சுக்கு அனுமதி வாங்க வேண்டும், அது அப்புறம். ஆனால் இப்போதே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். மானிட்டரில் அழகாகத் தெரிகிற எழுத்து சின்னத் திரையில் எறும்பு மாதிரி ஆகிவிடும், வீட்டாவுக்கு வந்த பல கேம்கள் இதில்தான் மாட்டின. எழுத்தைப் பெரிதாக்குங்கள். அடுத்தது, தோட்டா, தீப்பொறி என்று ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்கி அழித்துக்கொண்டே இருந்தால், யூனிட்டி குப்பை அள்ளும் (தேவையற்றவற்றை நினைவகத்திலிருந்து நீக்கும்) நேரத்தில் கேம் ஒரு நொடி திக்கும். பிசியில் கண்ணுக்கே படாது, சின்ன பிராசசரில் நன்றாகத் தெரியும். ஆரம்பத்திலேயே ஐம்பது தோட்டாவை உருவாக்கி, மறைத்துவைத்து, அதையே திரும்பத் திரும்ப எடுத்து விடுங்கள். இதைக் கடைசியில் செய்யப் போனால் எழுதிய புரோகிராமில் பாதியைக் கலைக்க வேண்டிவரும்.

பில்டு தயாரானதும் அனுப்புங்கள், ஆடிப் பார்க்கிறேன்.