மென்டரிங் புரோகிராம்ல சேர்ந்தா ப்ரொமோஷன் வருமா?

வணக்கம் அக்கா,

நான் களுவாஞ்சிக்குடி. மட்டக்களப்பு டவுன்ல ஒரு லீசிங் கம்பனில நாலு வருசமா வேல செய்யிறன். இப்ப ஹெட் ஒபிஸ்ல இருந்து மென்டரிங் புரோகிராம் எண்டு ஒண்டு அனுப்பியிரிக்காங்க. ஆறு மாசம், மாசத்துக்கு ஒருக்கா கொழும்புல இருக்கிற ஒரு சீனியரோட சூம்ல ஒரு மணித்தியாலம் கதைக்கணுமாம், விருப்பமெண்டா போம் நிரப்பட்டாம். பிரான்ச்ல எல்லாரும் சிரிக்கிறாங்க, போட்டோ எடுத்துப் போடத்தான் இதெல்லாம், அந்த நேரத்துல ரெண்டு கஸ்டமரப் பிடிச்சா டார்கட்டாவது அடிக்கலாம் எண்டு. என்ட இங்கிலீசும் அவ்வளவு சரியில்ல. இதுல சேர்ந்தா உண்மையா ப்ரொமோஷன் கிடைக்குமா அக்கா, இல்ல நேரம்தான் வீணாப் போகுமா?

அன்பின் தங்கச்சிக்கு,

சேருங்க. ப்ரொமோஷன் வரும் எண்டு நம்பிச் சேராதீங்க, ஆனா கட்டாயம் சேருங்க.

ப்ரொமோஷன் கணக்க முதல்ல சொல்லிர்றன். 2004ல டாமி அலன் எண்டவவும் அவவோட சேர்ந்த ஆய்வாளர்மாரும் அதுவரைக்கும் இதப்பத்தி வந்த ஆய்வுகள ஒண்டாச் சேர்த்துப் பார்த்தாங்க. மென்டர், அதாவது வழிகாட்டுற ஒரு சீனியர், இருந்த ஆக்களுக்குச் சம்பளமும் பதவி உயர்வும் கூடத்தான் இருந்திரிக்கு, ஆனா அந்த வித்தியாசம் சின்னன். தன்ட தொழில்ல ஒரு திருப்தி வாறதுலதான் வித்தியாசம் கூடத் தெரிஞ்சிரிக்கு. அதுக்கு முதல் 1999ல ராகின்ஸ், கொட்டன் எண்ட ரெண்டு பேர் செஞ்ச ஆய்வுல, கம்பனி பார்த்துச் சேர்த்து வைக்கிற மென்டர விட தானா அமையிற மென்டராலதான் பலன் கூட எண்டு வந்திச்சு. உங்கட பிரான்ச் ஆக்களுக்கு இது தெரிஞ்சா இன்னும் கூடச் சிரிப்பாங்க.

ஆனா தங்கச்சி, எங்கட பக்கம் அந்தத் தானா அமையிற மென்டரிங் எங்க நடக்குது, ஆருக்கு நடக்குது எண்டு யோசிச்சுப் பாருங்க. வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம், கட்டாத தவணைக் காச அறவிட ரிக்கவரிக்குப் போற சீனியர் பைக்குல பின்னால ஏத்திட்டுப் போறது ஒரு புதுப் பொடியனத்தான். வெல்லாவெளிப் பக்கம் ஒரு கடையில நிப்பாட்டி பிளேன்டீ குடிக்கக்குள்ள, "டேய் அந்த பைல இப்பிடி அனுப்பாத, ரீஜனல் மெனேஜர் முதல் பாக்கிறது வருமானப் பக்கத்த, அத மேல வை, காணிப் போமிட்ட பின்னால போடு" எண்டு சொல்லிக் குடுப்பாரு. அந்தப் பிளேன்டீ குடிக்கிற நேரத்துல அவன் படிக்கிறத ஒரு ட்ரெய்னிங்லயும் படிக்க ஏலா. அதே நேரம் நீங்க கவுண்டர்ல இருப்பீங்க, அஞ்சு மணிக்கு பஸ்ஸப் பிடிச்சு வீட்ட போவீங்க. நீங்களும் அந்த பைக்குல ஏறிப் போனா அடுத்த நாள் ஊருக்குள்ள என்ன கத கட்டுவாங்க எண்டு நான் சொல்லத் தேவல்ல. அதாலதான் ஆம்புளப் புள்ளைகளுக்கு இந்தப் புரோகிராம் சும்மா ஒரு சோலியாத் தெரியிது, அவங்களுக்கு ஏற்கனவே கிடைச்சிட்டு. உங்களுக்கு இது ஒரு சீனியர்ட்ட ஒரு மணித்தியாலம் இருந்து தொழிலப் பத்திக் கேக்கிறதுக்குக் கம்பனியே எழுத்துல தந்த அனுமதி. இத விடாதீங்க, நான் கெஞ்சித்தான் சொல்றன்.

இன்னொண்டு. புத்தி சொல்றவர் வேற, உங்களுக்காகப் பேசுறவர் வேற. 2010ல எர்மினியா இபாராவும் இன்னும் ரெண்டு பேரும் எழுதினதுல இதுதான் விசயம்: பெரிய கம்பனிகள்ல பொம்புளைகளுக்கு மென்டர் இல்லாம இல்ல, ஆனா ப்ரொமோஷன் முடிவெடுக்கிற கூட்டத்துல "இந்தப் புள்ளயப் போடுங்க" எண்டு சொல்ற அளவுக்குச் செல்வாக்குள்ள ஆக்கள் ஆம்புளைகளுக்குத்தான் கூட அமைஞ்சிரிக்காங்க. அந்தக் கூட்டம் நடக்கிறது கொழும்புல. மட்டக்களப்பு பிரான்ச்ல நாலு வருசம் உழைச்ச உங்கள அங்க ஆருக்கும் முகந்தெரியா, எக்செல் சீட்ல ஒரு பேர் மட்டுந்தான். அங்க ஒருத்தருக்காவது உங்கட வேல என்னெண்டு விளங்கப் பண்றதுக்குத்தான் இந்த ஆறு மாசம்.

அதுக்கு "நான் எப்பிடி முன்னேறலாம் சேர்" எண்டு கேட்டுட்டு இருக்காதீங்க, பொதுவாக் கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். வேலையக் கொண்டு போங்க. படுவான்கரையில லேண்ட்மாஸ்டர் (கை ட்ரக்டர்) லீசிங் எடுத்த ஆக்கள் மாசா மாசம் கட்ட ஏலாம நிக்கிறது ஏன், மாரி வேளாண்மை வெட்டி நெல்லு வித்த உடன ஒரேயடியாக் கட்ட வாறது ஏன், அதுக்குத் தவணைய எப்பிடி மாத்தினா லேட் பைல்கள் குறையும், இத ஒரு பக்கத்துல எழுதி முதல் நாளே அனுப்புங்க. ஏசி ரூம்ல இருக்கிறவருக்கு இது தெரிஞ்சிருக்காது, அவரும் உங்கள்ட்டப் படிப்பாரு. 1999ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனிக்குத் தலைவரா இருந்த ஜாக் வெல்ச் தன்ட பெரிய அதிகாரிமார் ஐநூறு பேர் அளவுல ஆக்கள, இன்டர்நெட் படிக்கிறதுக்கு இளம் ஊழியர்மாரோட சேர்த்து விட்டாரு. அதால சின்ன ஆள் எண்டு ஒதுங்கி நிக்க வேணாம்.

இங்கிலீசு பெரிய விசயமில்ல. போம்ல தமிழ் கதைக்கிற மென்டர் வேணுமெண்டு எழுதுங்க, கேக்கிறதுல ஒரு வெக்கமும் இல்ல. கிடைக்காட்டி நீங்க எழுதி அனுப்பின அந்த ஒரு பக்கமே பாதிக் கதையக் கதைச்சிரும்.

மென்டரா வாறவர் முதல் ரெண்டு மாசமும் சூம கென்சல் பண்ணினா, இல்ல தன்ட பெருமையையே பேசிட்டு இருந்தா, எச்ஆர்ட்ட ஆள மாத்தக் கேளுங்க. சரியில்லாத மென்டர் இருக்கிறதும் மென்டரே இல்லாததும் ஏறக்குறைய ஒண்டுதான், ராகின்ஸ்ட பிந்தின ஆய்வுலயும் அப்பிடித்தான் வந்திரிக்கு.

போம அனுப்ப முதல் உங்கட பிரான்ச் மெனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. அவருக்குத் தெரியாம மேல போறீங்க எண்டு நினைச்சாரெண்டா, நாளாந்த வேலையில உங்களுக்குத்தான் கரைச்சல். முதல் சூம் முடிஞ்ச உடன என்ன கதைச்சீங்க எண்டு எனக்கு எழுதுங்க.