மூன்றாவது சொல்லையும் சொல்லுங்கள்

கேள்வி: பேத்தியின் காதுகுத்து விழாவில் மெல்லிசைக் குழுவிடம் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடச் சொன்னேன். பாரதியார் பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம். வந்தது ‘முந்தானை முடிச்சு’ படப் பாட்டு. பழைய பாட்டின் பெயரைப் புதுப் பாட்டுக்கு வைத்துக்கொள்வது திருட்டு இல்லையா? இதைத் தடுக்கச் சட்டம் கிடையாதா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: திருட்டு இல்லை, அம்மா. தடுக்கச் சட்டமும் இல்லை. அந்தக் குழுவின் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் கேட்ட இரண்டு சொல்லுக்கு இரண்டு பாட்டு இருக்கிறது. அவர்கள் கைப்பழக்கத்தில் இருந்ததை எடுத்துவிட்டார்கள்.

நம் பாட்டுகளுக்குத் தனியாகப் பெயர் சூட்டும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பல்லவி எடுக்கிற சொல்லே பெயர். பாரதி அந்தப் பாட்டுக்குக் கொடுத்த தலைப்பு ‘கண்ணம்மா – என் குழந்தை’. 1908 முதல் 1918 வரை அவர் புதுச்சேரியில் இருந்தபோது எழுதிய கண்ணன் பாட்டில் ஒன்று அது. 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் நூலாக்கினார். அந்தத் தலைப்பைச் சொல்லி மேடையில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் பிடிபடாது. ‘சின்னஞ்சிறு கிளியே’ என்றால்தான் தெரியும். 1951-இல் ‘மணமகள்’ படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடியது வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. பாரதி குறித்து வைத்த ராகம் பைரவி. ஆனால் இன்று கச்சேரிகளில் கேட்பது காபி ராகத்தில் தொடங்கி ராகம் மாறி மாறி வரும் அந்தப் படத்து ராகமாலிகையைத்தான்.

1983-இல் ‘முந்தானை முடிச்சு’. இளையராஜா இசை, எஸ்.பி. பாலசுப்பிரமணியம், எஸ். ஜானகி குரல். அதுவும் குழந்தையைக் கொஞ்சுகிற பாட்டுதான். முதல் இரண்டு சொல்லும் ஒன்றே. மூன்றாவது சொல்லில் வழி பிரிகிறது: அங்கே ‘கண்ணம்மா’, இங்கே ‘சித்திரப் பூவிழியே’. அந்த மூன்றாவது சொல்லையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் விழாவில் குழப்பமே வந்திருக்காது.

ஒரே சொல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குக் கற்பனை வறட்சி காரணம் இல்லை. திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். வரி பிறகு அதில் உட்காரும். இசையமைப்பாளர் ‘தனனா’ என்று தொடங்கினால் கவிஞர் அந்த அளவுக்குச் சொல் தேட வேண்டும். மலரே, நிலவே, உயிரே, அழகே, குயிலே – எல்லாம் அசை பிரித்தால் நிரை நேர், யாப்பிலக்கணம் புளிமா என்கிற ஓசை அளவு. அன்பே, கண்ணே இரண்டும் நேர் நேர், தேமா. எல்லாமே விளி, ஆளைக் கூப்பிட்டுப் பாட்டை எடுக்கிற சொற்கள். எல்லாம் ‘ஏ’ என்ற நெடிலில் முடிவதால் பாடுகிறவர் அங்கே நின்று கார்வை கொடுக்க, அதாவது குரலை நீட்டிப் பிடிக்க, இடம் கிடைக்கிறது. ஓசை, பொருள், மூச்சு மூன்றுக்கும் பொருந்தி வருகிற சொல் தமிழில் நூறு நூறாகக் கிடையாது. ஆகவே 1995-இல் ‘கர்ணா’வுக்கு ‘மலரே மௌனமா’ அமைகிறது. இருபது ஆண்டு கழித்து மலையாளப் ‘பிரேமம்’ படத்திலும் ஒரு ‘மலரே’ வருகிறது. கல்லூரி விழாவில் வெறும் ‘மலரே’ என்று சீட்டுக் கொடுத்தால் இரண்டில் எது வரும் என்பது பாடகரின் வயதைப் பொறுத்தது.

ஆண்டு சொன்னால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ‘அன்பே அன்பே’ என்று தொடங்கும் பாட்டு 1998-இல் மட்டும் இரண்டு: ‘ஜீன்ஸ்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் ஒன்று, ‘உயிரோடு உயிராக’ படத்தில் வித்யாசாகர் இசையில் ஒன்று. அங்கே படப் பெயர்தான் கைகொடுக்கும்.

இதை இப்போது இன்னும் கெடுத்திருப்பது ஒற்றைச் சொல் தலைப்பு. ‘றெக்க’ 2016, ‘காலா’ 2018, ‘இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும்’ 2019 – மூன்றிலும் ‘கண்ணம்மா’ என்றே பாட்டு. செயலியில் தேடினால் மூன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒற்றைச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் பல்லவியின் முதல் வரியையும் அடியில் போட்டால் என்ன குறைந்துவிடும்? வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், கவிஞர், இசை என்று சொல்லிவிட்டுப் பாட்டை விட்ட நாளில் கேட்கிறவருக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை.

உங்கள் மாவட்டத்துத் திருவதிகைக்கு அப்பர் பாடிய பதிகங்கள் பல. தலத்தின் பெயரை மட்டும் சொன்னால் எந்தப் பதிகம் என்று ஓதுவாருக்குத் தெரியாது. ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’, பண் கொல்லி, நான்காம் திருமுறையின் முதல் பதிகம் என்றால் தவறவே முடியாது. பாடலிபுத்திரம் என்ற திருப்பாதிரிப்புலியூருக்கு ‘ஈன்றாளுமாய்’. அதே திருமுறையில் 94-ஆம் பதிகம். தலம், பண், முதற்குறிப்பு என்று அடுக்கிவைத்த அந்த ஒழுங்கு சினிமாப் பாட்டுக்கும் வேண்டும்.

இனி சட்டம். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று ஒரு படத் தலைப்பு வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உண்டு. ஆக்கியவர் இறந்த பின் 60 ஆண்டு வரை. ஒலிப்பதிவுக்கு, வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டு. ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டை 2007-இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்குப் புதுப்பித்தார்கள். அது அதே பாட்டு; அங்கே உரிமை பற்றிய கேள்வி எழும். ‘கஜினி’ (2005) பாட்டு ‘சுட்டும் விழிச் சுடரே’ என்று தொடங்குவதோ பாரதியின் ‘சுட்டும் விழிச்சுடர்தான் கண்ணம்மா’ பாட்டின் எடுப்பை மட்டும் தொட்டுக்கொண்டு வேறு பாட்டாகப் போவது. ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படத்தில் ஹரிஹரன் பாடியதில்தான் பாரதியின் வரிகளே இருக்கின்றன. பாரதி பாடல்களை 1949-இலேயே அரசு நாட்டுடைமையாக்கியதால் அவற்றைத் தொடவும் பாடவும் யாருக்கும் தடையில்லை. அந்தத் திறந்த வாசலில் வந்ததுதான் ‘மணமகள்’ பாட்டும்.

அடுத்த விழாவுக்குச் சீட்டில் இப்படி எழுதுங்கள்: ‘சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா – பாரதியார் – மணமகள், 1951 – ஆண் ஒருவர், பெண் ஒருவர்’. வீட்டுப் பெண் யாராவது சேர்ந்து பாடுவதானால் அவளுடைய கட்டையையும், அதாவது பாடுகிற சுருதியையும், குறித்துவிடுங்கள். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை பொதுவாக ஒத்துவரும். ஆண் பாடகரின் கட்டையில் பதிந்த பின்னணி இசை டிராக்கை அப்படியே போட்டால் அவளுக்கு மேலே எட்டாது, அல்லது கீழே குரலே கேட்காது. சீட்டை மேடையேறிய பிறகு நீட்டாமல் ஒரு வாரம் முன்னால் கொடுங்கள். இது ராகமாலிகை; சரணத்துக்குச் சரணம் ராகம் மாறும். கீபோர்டும் தாளத்துக்கு ரிதம் பேடும் மட்டும் வைத்திருக்கிற குழு ஒத்திகை இல்லாமல் எடுத்தால் இரண்டாவது மாற்றத்திலேயே தடுமாறும். புல்லாங்குழலோ வயலினோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் பாட்டுக்கும் நேரம் இல்லையென்றால் எந்தச் சரணங்கள் வேண்டும் என்று முதல் வரியோடு எழுதிக் கொடுங்கள். அந்த ராகங்களை மட்டும் அவர்கள் பழகிக்கொண்டு வரலாம்.