பனிக்குப் பழகிய நாடுகளில்கூட பனிப்புயல் வந்தால் ஏன் இத்தனை விமானங்கள் ரத்தாகின்றன? மறுநாள் வெயில் அடித்த பிறகும் ரத்து தொடர்கிறதே?

டொரொண்டோவில் ஒன்பது குளிர்காலம் பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். குளிர் விமானத்துக்கு எதிரி இல்லை. 35,000 அடி உயரத்தில் எப்போதும் மைனஸ் 50 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கீழே சித்திரை வெயிலே கொளுத்தினாலும் சரி. தகராறெல்லாம் தரையில்தான்.

இறக்கையில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகப் பனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறைந்துவிடும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃப்ளோரிடா விமானம் ஒன்று பனியோடு கிளம்பி, பாலத்தில் இடித்து பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் வண்டியில் போய்க்கொண்டிருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். கனடாவிலும் 1989இல் ட்ரைடன் என்ற ஊரில் இதே கதை, 24 பேர் பலி. இப்போது இறக்கை சுத்தமாக இல்லாமல் கிளம்ப விடமாட்டார்கள்.

அதற்குத்தான் டீ-ஐசிங். முதலில் ஆரஞ்சு நிறத்தில் சூடான திரவத்தைப் பீய்ச்சிப் படிந்த பனியைக் கரைப்பார்கள். அப்புறம் பச்சை நிறத்தில் கொழகொழவென்று ஒன்று. புதிதாக விழும் பனி ஒட்டாமல் அது கொஞ்ச நேரம் காக்கும். அந்த 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பதற்கு அட்டவணையே உண்டு. பனி வலுத்தால் அது சுருங்கிக்கொண்டே போகும். விழுந்த இடத்திலேயே உறையும் மழை கொட்டினால் அட்டவணையில் நேரமே கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு பிப்ரவரியில் வான்கூவர் போகக் கிளம்பினேன். பீய்ச்சி முடித்து வரிசையில் நின்றோம். முன்னால் ஏழெட்டு விமானங்கள். ஓடுபாதையில் பனி தள்ளும் வண்டிகள் இறங்கியதால் வரிசை நகரவில்லை. எங்கள் நேரம் தீர்ந்தது, திரும்பப் போய் மறுபடி குளியல். அதற்குள் விமானிகளின் பணிநேரம் முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. கனடாவில் அதற்கு உச்சவரம்பே 13 மணி நேரம்தான், கிளம்பும் நேரத்தைப் பொறுத்து இன்னும் குறையும். புறப்பட்ட வாசலுக்கே திரும்பினோம். பக்கத்து இருக்கைப் பாட்டி கொண்டுவந்த முறுக்கு மட்டும்தான் அன்று ஊர் போய்ச் சேர்ந்தது, என் வயிற்றுக்குள்.

சில நாள் பனியே வேண்டாம், குளிர் மட்டும் போதும். 2014 ஜனவரி 7 அன்று டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் பல மணி நேரம் தரைப்பணியையே நிறுத்திவைத்தார்கள். கருவிகள் உறைந்தன, ஆட்களும் வெளியே நிற்க முடியவில்லை.

வெயில் நாள் கணக்குக்கு வருவோம். உங்கள் விமானம் வேறு ஊரில் மாட்டியிருக்கும், விமானி மூன்றாவது ஊரில் தூங்கிக்கொண்டிருப்பார். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. புயல் போன பின்னும் எந்த ஊழியர் எங்கே என்று கோத்துத் தர அவர்களுடைய மென்பொருளால் முடியவில்லை. சுமார் 16,900 விமானங்கள் ரத்து, 20 லட்சம் பேர் தவிப்பு. அடுத்த ஆண்டு அரசு விதித்த அபராதம் 14 கோடி டாலர்.

அதனால் டிசம்பர் முதல் மார்ச் வரை நான் காலையின் முதல் விமானத்தைத்தான் எடுப்பேன். முந்தைய இரவே வந்து நிற்கும் விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கம் கெடும், என்ன செய்ய.