அழிப்பானைச் செதுக்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். கலைக் கல்லூரிதான் வேண்டும் என்கிறாள். "கணினிப் பொறியியல் எடு, படம் வரைவதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்" என்கிறார் சித்தப்பா. "வரைந்தே தீருவேன் என்றால் அனிமேஷனிலாவது சேர்த்துவிடுங்கள், சம்பளம் வரும்" என்கிறார் அத்தை. கடைசியில் ஒரு புகார் வேறு: வீட்டில் ஒரு அழிப்பான்கூட முழுசாக இல்லை, எல்லாவற்றையும் பிளேடால் செதுக்கி, மை தடவி, நோட்டு முழுக்கக் குத்திவைக்கிறாள். இதுதான் உங்கள் கடிதத்தின் சாரம்.

உங்கள் கவலை நியாயமானது. ஆறுதல் இத்தோடு முடிந்தது. இனி நான் சொல்லப்போவது உங்கள் உறவினர்களுக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு நடக்காத கணக்கு. விருப்பமில்லாத தொழிற்படிப்பில் வாரநாள் வகுப்புக்குப் போய்விடும். ஞாயிறு தேறாத தாளுக்குப் போய்விடும். கைப்பழக்கம் இடைவெளி விட்டால் மங்குகிற பொருள். நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டியபின் அவள் மறுபடி கலைக்கே திரும்பினால் இரண்டு படிப்பின் செலவும் உங்கள் தலையில்தான் விழும். அத்தையின் யோசனை கேட்க இதமாக இருந்தாலும் அதுவும் வேறு திசைதான். வரைவதில் உள்ள ஆசையும் அசைவில் உள்ள ஆசையும் ஒன்றல்ல. ஒரு நொடித் திரைப்படத்துக்கு 24 தனித்தனிப் படங்கள். ஒரு கை மேலே எழுவதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதில் ருசி இருப்பவர்கள்தான் அதில் நிலைப்பார்கள். அப்படி ஒரு ருசி அவளுக்கு இருப்பதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அனிமேஷன், கிராஃபிக் டிசைன், கட்டடக்கலை மூன்றையும் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

முதலில் 'படம் வரைவது' என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிடுங்கள். காட்சிக்கலை என்பது பல தொழில்களின் கூட்டுக்குடும்பம். கோட்டோவியம் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வண்ண ஓவியத்துக்குள்ளேயே குணங்கள் வேறு: நீர்வண்ணத்தில் வெளிச்சம் தாளின் வெண்மையிலிருந்து வருவதால், ஒரு முறை இருட்டடித்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம், எண்ணெய்வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால் காய நாட்கணக்கில் ஆகும், அதனால் திருத்த அவகாசம் தரும், ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டும் சுவரோவியத்தில் அன்றைக்குப் பூசிய பரப்பை அன்றைக்கே முடித்தாக வேண்டும். சிற்பத்தில் கல்லையும் மரத்தையும் குறைத்துக்கொண்டே போக வேண்டும், களிமண்ணைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், வெண்கலம் என்றால் மெழுகில் செய்து, உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். மட்பாண்டத்தில் கடைசி வார்த்தை நெருப்பினுடையது. நெசவு, ஒளிப்படம், காணொளி, ஓர் அறையையே படைப்பாக்கும் நிர்மாணக் கலை என்று குடும்பம் இன்னும் நீளும். இவற்றில் எது யாருக்கு என்பதை மதிப்பெண் சொல்லாது, கை சொல்லும்.

உங்கள் மகளின் கை சொல்லிவிட்டது. நீங்கள் அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அழிப்பானைச் செதுக்கி அச்சுக் குத்துவதற்குப் பெயர் அச்சோவியம். கலைக் கல்லூரிகளில் தனித் துறையாகவே நடக்கும் படிப்பு இது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் முண்டியடிக்கும் குடும்பங்கள் இதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் பெரும் பிரிவுகள் நான்கு. மேட்டச்சில் மையேறாத இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேடாக நிற்பதில் மை உருட்டுவார்கள். மரச்செதுக்கும், லினோ என்ற மெத்தென்ற விரிப்புத் தகட்டில் செதுக்குவதும் இந்த வகை. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1515இல் வெளியிட்ட காண்டாமிருகம் மரச்செதுக்குதான். குழிவச்சு நேர் எதிர், பள்ளத்தில் மை நிற்கும். கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை: சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள பென்சிலால் வரைந்து, கல்லை ஈரப்படுத்தி மை உருட்டினால், பசை மையைப் பிடிக்கும், ஈரம் மையைத் தள்ளும். 1796 வாக்கில் இதைக் கண்டுபிடித்த செனஃபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியவர். இன்று புத்தகங்கள் அச்சாகும் ஆஃப்செட் முறை இதன் வாரிசு. நான்காவது, வலைத்துணி வழியாக மையைத் தள்ளிப் பதிக்கும் திரையச்சு. சட்டையில் படம் போடும் அதே முறைதான், சூரிய மின்கலத்தின் முகத்தில் தெரியும் மெல்லிய வெள்ளிக் கோடுகளையும் போடுகிறது.

குழிவச்சைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் கனச் செப்புத் தகடு. அதன் நான்கு விளிம்புகளையும் சரிவாக அரத்தால் ராவ வேண்டும். விட்டால் அச்சுப்பொறியின் அழுத்தத்தில் தாளையும் அதன் மேலுள்ள கம்பளத்தையும் விளிம்பு வெட்டிவிடும். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்ப்பது. விரல் ரேகை ஒன்று தங்கினாலும் மேலே பூசும் மெழுகுப் பூச்சு அங்கே கழன்று, வரையாத இடத்திலும் அரிப்பு இறங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும். பூச்சைக் கீறி ஊசியால் வரைந்து, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் தகட்டை இடுவார்கள். அரிப்பில் உண்டாகும் கசடு கோட்டுக்குள் படிந்து வேலையை நிறுத்திவிடும் என்பதால் தகட்டைக் குப்புறப் போடுவது வழக்கம். அதிக நேரம் கிடந்த கோடு ஆழமாகும், ஆழமான கோடு கறுப்பாக அச்சேறும். கடைசியில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஈரத் தாள் வைத்து உருளைக்கு இடையில் ஓட்டுவார்கள். தாள் காய்ந்திருந்தால் பள்ளத்து மையை அதனால் எட்டி எடுக்க முடியாது.

சித்தப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். மின்சுற்றுப் பலகை செய்யப் பழகும் மாணவர்கள் செம்பை அரிக்கப் பயன்படுத்துவதும் இதே ஃபெரிக் குளோரைடுதான்.

பிழைப்புக்கு வருவோம். தன் அச்சுகளை விற்று மட்டும் தொடக்க ஆண்டுகளில் குடும்பம் நடத்த முடியாது. முடியும் என்று சொல்லும் கல்லூரியை நம்பாதீர்கள். ஆனால் இந்தத் துறையில் கலைஞருக்குப் பின்னால் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' என்ற மரச்செதுக்கு 1831 வாக்கில் வெளிவந்தபோது வரைந்தவர் ஒருவர், பலகை செதுக்கியவர் வேறொருவர், அச்சிட்டவர் மற்றொருவர். அந்த மூன்றாம் ஆள்தான் அச்சுநிபுணர். ஓவியர் "இதுபோல் அடிக்கலாம்" என்று கையெழுத்திட்ட மாதிரித் தாளுக்கு, ஐம்பதாவது பிரதியும் மாறாமல் அச்சிட்டுத் தருபவர். தாள் ஓரத்தில் தன் முத்திரையையும் பதிப்பார். இந்தக் கைகள் அருகிவருகின்றன என்றுதான் அமெரிக்கக் கலைஞர் ஜூன் வேன் 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் டாமரிண்ட் கல்லச்சுப் பட்டறையைத் தொடங்கினார். இது தவிர, கல்லூரிப் பட்டறைப் பொறுப்பாளர், ஆசிரியர், புத்தகச் சித்திரம், துணி அச்சு வடிவமைப்பு, அருங்காட்சியகங்களின் தாள் சேகரிப்புப் பிரிவு என்று வேலைகள் உண்டு. கொழுத்த சம்பளம் இல்லை, தொடர்ந்து வரும் சம்பளம்.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். முதலில் ஒரு சோதனை. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய லினோ துண்டு, 3 மில்லிமீட்டர் கனம். V வாய் உளி ஒன்று, U வாய் உளி ஒன்று. ரப்பர் உருளை, அச்சு மை, மெல்லிய தாள். அச்சுப்பொறி வாங்க வேண்டாம், மரக்கரண்டியின் முதுகு போதும். படத்தை இடம் வலம் மாற்றி வரையச் சொல்லுங்கள். பெயர் எழுதினால் அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்து. லினோ விறைப்பாக இருந்தால் வெயிலில் சிறிது காட்டினால் இளகும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் வரவே கூடாது. மையை மெல்லியதாக உருட்ட வேண்டும். உருளை சரசரவென்று சன்னமாக ஒலித்தால் அளவு சரி. சப்சப்பென்று ஒட்டினால் மை கூடுதல், மெல்லிய கோடுகள் அடைபடும். தாள் நகர்ந்தால் விளிம்பு இரட்டையாகும். முதல் இரண்டு மூன்று அச்சு வெளிறித்தான் வரும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பத்துப் பிரதி, பத்தும் ஒன்றுபோல். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் 1/10, 2/10 என்று எண்ணிட்டுக் கையெழுத்து. இரண்டாவதிலேயே சலித்து அடுத்த படத்துக்குத் தாவினால் அவள் ஓவியத்துக்கு உரியவள், அதுவும் நல்ல பதில்தான். ஏழாவதில் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்ததற்காக அதைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்தால், அவள் பட்டறைக்கு உரியவள்.

செலவில் நான் கண்டிப்பானவன். கல்லூரிக்குப் போனால் வண்ணக் கையேட்டைப் புரட்டாமல் பட்டறைக்குள் போங்கள். எத்தனை அச்சுப்பொறி, ஒரு பொறிக்கு எத்தனை மாணவர், அமிலத் தொட்டிக்கு மேல் புகையை இழுக்கும் விசிறி உண்டா, வகுப்பு முடிந்தபின் பட்டறை திறந்திருக்குமா என்று கேளுங்கள். மை, தாள், செம்பு கட்டணத்தில் சேர்த்தியா, தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல குடும்பங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அச்சுப்பொறி தூசி படிந்து மூலையில் கிடந்தால், பெயர் எவ்வளவு பெரிதானாலும் திரும்பி வந்துவிடுங்கள். வீட்டை அடகு வைத்துப் படிக்க வைக்கும் படிப்பு இதுவல்ல. கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் நல்ல பட்டறை இருந்தால் அதுவே முதல் தேர்வு. நுழைவுத் தேர்வுக்கென்று எல்லாப் பிள்ளைகளையும் ஒரே குடத்தையும் ஒரே துணி மடிப்பையும் வரைய வைக்கும் பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டாதீர்கள். தேர்வாளர் அந்தக் குடத்தை ஆயிரம் முறை பார்த்திருப்பார், செதுக்கிய அழிப்பான்கள் நிறைந்த பெட்டியை அவ்வளவு முறை பார்த்திருக்க மாட்டார். பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எண்ணெய் மையில் அடித்த பத்தும் காய ஒரு வாரம்வரை ஆகலாம். கொடியில் தொங்கவிட்டு வையுங்கள். அதுவரை சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம், எங்கேயும் முன்பணம் கட்டவும் வேண்டாம்.